செபமாலைக்குள் ஆடு

"கர்த்தர் உம்முடனே" என்ற இடத்தில் செலஸ்தீனா நிறுத்தினாள். "றோசலின், உலைய இறக்கு" என்றாள். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்து, "பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

குசினியில் மூடி விழுகிற சத்தம் கேட்டது. உலை இறங்கிவிட்டது.

அருளப்பு கட்டிலின் கால்மாட்டில் இருந்து அவளுடைய காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அருளப்பு அதை நம்பவில்லை. அவர் பொதுவாக ஒருவரையும் நம்புவதில்லை. டாக்குத்தர்மாரைக் கொஞ்சம் கூடுதலாக நம்புவதில்லை. ஆனால் செலஸ்தீனா நம்பிவிட்டாள். வந்த அன்றைக்கே கட்டிலை அறைக்குள்ளிருந்து நடுவீட்டுக்கு இழுக்கச் சொன்னாள். அங்கேயிருந்து பார்த்தால் ஒரு கதவால் குசினி தெரியும், மற்றக் கதவால் கேற் தெரியும், யன்னலால் ஆட்டுக்கொட்டில் தெரியும். சாகப்போகிற ஆள் இப்படி நடுவீட்டில் கிடப்பது வடிவில்லை என்று மூத்தவன் கிளமென்ட் சொல்லிப் பார்த்தான். அறைக்குள் கிடந்தால் வீடு என்னாவது என்று அவள் கேட்டாள்.

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மூன்று மகன்களும் கலியாணம் முடித்து ஒரே வளவுக்குள் இருந்தார்கள். பேரப்பிள்ளைகள் எத்தனை என்று அருளப்பு ஒருநாளும் சரியாக எண்ணி முடித்ததில்லை. எண்ணும்போது ஓடிவிடும். ஆடுகள், கோழிகள், பாயில் காய்கிற கருவாடு, பள்ளிக்கூட வான், தண்ணீர் மோட்டர், இதற்கு மேல் ஆலங்குடாவில் காற்றில் பட்டம் கட்டிக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரருக்கு வைத்த ஹோட்டலில் வேலை செய்கிற பெடியன்களுக்கு இரண்டு வேளையும் சோற்றுப் பார்சல். சண்டை முடிந்த பிறகு வந்த வருமானம் அது. மகன்மார் கச்சான் காற்றுக் காலத்தில் மீன் பிடிக்க முல்லைத்தீவுப் பக்கம் வாடிக்குப் போய்விட்டால் வீடு அந்தப் பார்சலில்தான் ஓடும். இந்த முறை தாய்க்காக மூத்தவனும் நடு மகனும் நின்றுவிட்டார்கள், கடைசி மகன் மட்டும் போயிருந்தான்.

இவ்வளவையும் செலஸ்தீனா செபத்தால் நடத்தினாள். பக்திக்காகச் சொல்கிற பேச்சு என்று நினைக்கக்கூடாது. அவளிடம் மணிக்கூடு இருக்கவில்லை, செபம் இருந்தது. தேயிலை ஊற ஒரு பரலோக மந்திரம். முட்டை அவிய செபமாலையில் ஒரு பத்து, வெள்ளைக்காரர் தின்கிற மாதிரி வேண்டுமென்றால் அதில் பாதி. சோறு வேக நாலு பத்து. மாதா பிரார்த்தனையில் "விடியற்காலத்தின் நட்சத்திரமே" என்று வரும்போது மீன் ஆணத்துக்குப் புளி விட வேண்டும். காலையில் ஒரு செபமாலை, மத்தியானம் ஒன்று, பின்னேரம் எல்லாரும் இருந்து சொல்லுகிற பெரிய செபமாலை ஒன்று. அவள் முன்பாதி சொல்லுவாள், வீடு பின்பாதி சொல்லும். நடுவில் யாருக்கு என்ன வேலையோ அதை மந்திரத்தை அறுக்காமல் உள்ளேயே சொருகிவிடுவாள். பின்னேரச் செபமாலையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இடம் இருந்தது. அந்த இடம் ஒருநாளும் மாறாது. முன்பே ஏற்றி வைத்த உலை முதல் மணியில் இறங்கும். பாரமான வேலைகளை மாதாவின் தாய், தலவிலக் கோயில் அன்னம்மாளிடம் ஒப்படைப்பாள். அன்னம்மாள் செய்யாமல் விட்டதை மூத்த மருமகள் றோசலின் செய்தாள்.

முந்தின நாள் நோயில்பூசுதல் கொடுக்க வந்த பங்குச் சுவாமி இதைக் கேட்டுத் திடுக்கிட்டுப் போனார். இளம் சுவாமி. செபத்துக்கு நடுவே உலையையும் ஆட்டையும் கொண்டுவரலாமா என்று பதமாகக் கேட்டார்.

"மாதா கோவிக்க மாட்டா சுவாமி" என்றாள் செலஸ்தீனா. "அவவும் ஒரு வீடு நடத்தினவதானே."

சுவாமி எண்ணெயைப் பூசிவிட்டுப் போய்விட்டார். போகும்போது அவருடைய கையில் ஒரு கருவாட்டுப் பொதி இருந்தது. அது எந்த மந்திரத்துக்குள் நடந்தது என்று அருளப்புக்குத் தெரியவில்லை.

"இஞ்சாருங்க" என்றாள் இப்போது.

"என்ன?"

"நான் போனாப்பிறகு செபமாலைய நீங்கதான் சொல்லோணும்."

அருளப்புவின் கை காலில் அப்படியே நின்றது. அந்த ஊரில் யார் செத்தாலும் பிரேதத்துக்கு முன்னால் இருந்து செபமாலை சொல்லுகிறவர் சந்தியாப்பிள்ளை மூப்பர். கோயிலில் மணி அடிப்பது, மைக் பிடிப்பது, செத்த வீட்டில் முன்பாதி சொல்லுவது எல்லாம் அவர்தான். மூப்பரோடு அருளப்பு கதைத்துப் பல வருசம். ஒரு திருநாளில் வள்ளங்களுக்குத் தீர்த்தம் தெளித்தபோது மூப்பர் பிடித்திருந்த வாளி அருளப்புவின் வள்ளத்துக்கு வரும்போது காலியாகியிருந்தது. அந்த வருசமே எஞ்சின் போனது. வாளி தற்செயலாகக் காலியானது என்று ஊரே சொன்னது. அருளப்பு அதையும் நம்பவில்லை. அன்றோடு கோயிலுக்குப் போவதை விட்டார்.

"மூப்பர் இருக்கிறார்தானே" என்றார்.

"அந்தாள் இழுத்து இழுத்துச் சொல்லுவார். ஒரு அருள் நிறைந்தவ முடியறதுக்குள்ள உலைத்தண்ணி வத்திடும். என்ட வீடு அந்த இழுவைக்கு நடக்காது."

"நீ செத்த அண்டைக்கு என்ன உலை?"

"நான் செத்தா பிள்ளையளுக்குப் பசிக்காதா?"

பசிக்கும்தான். ஆனால் அருளப்புவுக்குச் சந்தேகம் தட்டியது. கலியாணம் முடித்த நாளிலிருந்து இவள் தன்னை ஒரு முழுச் செபமாலைக்கு இருத்தப் பார்க்கிறாள். பின்னேரம் எல்லாரும் முழந்தாளில் இருக்கும்போது அவர் கதவோரம் சம்மணம் கட்டி இருப்பார். பின்பாதியை எல்லாரோடும் சேர்ந்து சத்தமாகச் சொல்லுவார். நாலாம் பத்து முடிகிறபோது வள்ளம் பார்க்க என்று எழும்பிப் போய்விடுவார். வள்ளம் விற்ற பிறகும் வள்ளம் பார்க்கத்தான் போனார். உயிரோடு பிடிக்க முடியாதவரை இவள் செத்துப் பிடிக்கப் பார்க்கிறாள் என்று அவருக்குப் பட்டது.

"ஓமெண்டு சொல்லுங்க."

"பாப்பம்."

"பாப்பம் வேணாம். ஓமெண்டு சொல்லுங்க."

"ஓம்" என்றார், வாயை மூடுவதற்காக. அவள் மூடவில்லை. "அருள் நிறைந்த மரியாயே வாழ்க" என்று அடுத்த மணியைத் தொடங்கினாள்.

மத்தியானம் அருளப்பு வேப்பமரத்தின் கீழ் இருந்து பக்கத்து வீட்டுக்காரனின் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். உள்ளே அவளுடைய குரல் கேட்டுக்கொண்டிருந்தது. காற்று ஊதும்போது கேட்காது, விடும்போது கேட்கும். அதனால் எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியாது. மணம்தான் முதலில் வந்தது. சோறு அடிப்பிடிக்கிற மணம். அந்த வீட்டிலிருந்து அந்த மணம் அதற்கு முன் வந்ததில்லை.

ஊசியைப் போட்டுவிட்டு உள்ளே போனார். குசினி வாசலில் றோசலின் உலை இறக்குகிற சாரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். பானை கரிந்துகொண்டிருந்தது.

"மாமி இன்னும் சொல்லல்லயே மாமா" என்றாள்.

செலஸ்தீனாவின் விரல் ஒரு மணியைப் பிடித்தபடி இருந்தது. கண் குசினியைப் பார்த்தபடி இருந்தது. அருளப்பு அந்தக் கண்ணை மூடினார். றோசலின் உலையை இறக்கினாள்.

அதன் பிறகு அந்த வீடு கெட்ட கேட்டைச் சொல்ல வேண்டும். செத்த வீட்டில் அடுப்பு எரிக்கக்கூடாது என்று ஒரு கிழவி வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள். சரி. ஆனால் மற்றதெல்லாம் எதற்காக நின்றது என்று தெரியவில்லை. மகன்மார் சவப்பெட்டியின் நிறத்தைப் பற்றி போனில் சண்டை பிடித்தார்கள். பிள்ளைகள் பிஸ்கட் பெட்டியை உடைத்து ஆளுக்கொரு மூலையில் இருந்து தின்றன. ஒரு ஆடு நடுவீட்டுக்குள் வந்து எல்லாரையும் பார்த்துவிட்டுப் போனது, அதை அடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஹோட்டல் பெடியன்கள் பார்சலுக்கு வந்து கேற்றடியில் நின்றார்கள். செய்தி தெரிந்ததும் அழுதார்கள். அழுதுவிட்டும் போகவில்லை. அவர்களுக்குப் பசி.

பின்னேரம் சந்தியாப்பிள்ளை மூப்பர் ஸ்பீக்கர், மைக், வயர்ச் சுருள் எல்லாவற்றோடும் வந்தார். வேப்பமரத்தில் ஸ்பீக்கரைக் கட்டச் சொன்னார். கோயிலில் அந்தித் திரிகால மணி அடித்ததும் செபமாலை தொடங்கலாம், முன்பாதி நான் சொல்லுகிறேன், மற்றவர்கள் பின்பாதி என்று கிளமென்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"செபமாலை நான் சொல்லுவன்" என்றார் அருளப்பு.

வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள்.

மூப்பர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "முன்பாதியா?"

"முன்பாதிதான். அவளிட்ட ஓமெண்டு சொல்லிட்டன்."

மூப்பர் வாய்க்குள் ஏதோ மென்றார். பகையாகக் கதைத்திருந்தால் அருளப்புவுக்கு இலேசாக இருந்திருக்கும். அந்த மனிதர் பதமாகக் கதைத்தார். "பிழைச்சா சனம் சிரிக்கும், அருளப்பு. செத்த வீட்டில சிரிக்க வைக்கக்குடாது. நான் மைக்கோட பக்கத்தில இருக்கிறன். நீ தடக்கினா நான் எடுத்துச் சொல்லி முடிக்கிறன்."

அருளப்பு வீட்டின் பின்பக்கம் போனார். அங்கே நின்றபோதுதான் அவருக்கு விசயம் முழுதாக விளங்கியது. அவருக்கு முன்பாதி தெரியாது. தெரியாது என்றும் இல்லை. வாயைத் திறந்தால் வரும். ஆனால் அவள் சொன்ன மாதிரியேதான் வரும். பள்ளிக்கூடம் போகாமல் வாடியில் வளர்ந்தவர். யாரும் அவருக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்ததில்லை. கேட்டதெல்லாம் இவளிடம் கேட்டதுதான். அதில் எது மாதாவுக்கு, எது றோசலினுக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை இதுவரை வரவில்லை.

றோசலினிடமே கேட்கலாம். அவளிடம் கேட்டால் மகனுக்குப் போகும், மகனிடமிருந்து வாடிக்குப் போகும், வாடியிலிருந்து முல்லைத்தீவு முழுதுக்கும் போகும்.

கிடுகு வேலிக்கு அந்தப்பக்கம் ஹயாத்து முகம்மது பெரிய தேக்சா ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது மன்னார்ப் பக்கமிருந்து ஒரு உடுப்புப் பையோடு வந்த மனிதர். அன்றிலிருந்து அந்த வேலிக்கு அந்தப்பக்கம். செத்த வீட்டுக்கும் வந்த சனத்துக்கும் இரவுச் சாப்பாடு தங்கள் வீட்டில்தான் என்று அவருடைய மனைவி நஃபீஸா சொல்லியனுப்பியிருந்தாள்.

"நானா" என்று அருளப்பு வேலியில் வாயை வைத்துக் கூப்பிட்டார். "அவள்ர செபம் உங்களுக்கும் காதில விழும்தானே?"

"விழாம? நஃபீஸா உலை வைக்கிறதே அதைக் கேட்டுத்தான். என்னத்துக்கு?"

அருளப்பு விசயத்தைச் சொன்னார். ஹயாத்து முகம்மது சிரிக்கவில்லை. தேக்சாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலியடிக்கு வந்தார். ஓதுகிற விசயத்தில் அவர் விளையாட மாட்டார்.

"ஓதல்ல பிழை வரக்குடாது அண்ணே. சொல்லுங்க பாப்பம்."

அருளப்பு சொன்னார். கர்த்தர் உம்முடனே, றோசலின் உலைய இறக்கு என்றதும் ஹயாத்து முகம்மது கையைக் காட்டி நிறுத்தினார். றோசலின் வராது என்றார். அது தனக்கும் தெரியும் என்றார் அருளப்பு. உலையும் வராது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். மோட்டரை நிப்பாட்டு என்பதும் விழுந்தது, மாதாவின் காலத்தில் மோட்டர் இருந்திருக்காது என்று ஹயாத்து முகம்மது கண்டுபிடித்தார். இப்படியே இரண்டு பேரும் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றார்கள்.

"பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே, ஆட்டக் கட்டு" என்றார் அருளப்பு. "நானா, ஆடு வருமா?"

"ஆடு வராதெண்டுதான் நினைக்கிறன்."

"இல்ல, ஆடு எங்கயோ இருக்கு. பூசையில சுவாமி சொல்லுறத நானே கேட்டிருக்கிறன். செம்மறி. உலகத்துப் பாவமெல்லாத்தையும் அதுதான் போக்கும்."

ஹயாத்து முகம்மது தாடியைத் தடவினார். "அப்பிடியெண்டா வரவுங்கூடும். எங்கட குர்ஆனிலயும் பசுமாடு எண்டே ஒரு சூரா இரிக்கி. உள்ளதுக்குள்ள பெரிய சூரா."

"வந்தா, கட்டுறதா அவிழ்க்கிறதா?"

இது ஹயாத்து முகம்மதுவுக்கும் கஷ்டமாக இருந்தது. கடைசியில் அந்த இடத்தில் மட்டும் குரலைக் கீழே விடும்படி சொன்னார். வருகிறதென்றால் சொன்னதாக இருக்கும், வராதென்றால் கேட்காது.

பிறகு அருளப்பு பிரார்த்தனையில் வருகிற ஒரு வரியைச் சொன்னார். எங்கள் மேல் இறக்கும் என்று அடிக்கடி வரும், அதை முழுதாக விட்டுவிடலாம், அதுவும் பானைக் கதைதான் என்றார்.

"அது பானையில்ல அண்ணே" என்றார் ஹயாத்து முகம்மது. "இரங்கும். ஆண்டவன்ட இரக்கத்தக் கேக்கிறது."

அருளப்பு வேலியைப் பிடித்துக்கொண்டார். "நான் இவ்வளவு காலமும் அத சோத்துப்பானை எண்டுதான் நினைச்சன்" என்றார்.

கோயில் மணி அடித்தது.

நடுவீட்டில் கட்டில் இருந்த இடத்தில் பெட்டி இருந்தது. கச்சான் காற்று முற்றத்துத் தறப்பாளைத் தூக்கித் தூக்கி அடித்தது. சனம் உள்ளேயும் வெளியேயும் நிறைந்திருந்தது. அருளப்பு பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் இருந்தார். மூப்பர் ஒரு கதிரையைப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்து, மைக்கை அவருடைய வாய்க்கும் தன்னுடைய வாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். வலைக்காரன் மீன் திரும்புமட்டும் பார்த்திருக்கிற மாதிரி ஒரு பார்வை.

சிலுவை போட்டார்கள். விசுவாச மந்திரம் எல்லாரும் சேர்ந்து சொல்லுவது, அதில் அருளப்பு வாயை அசைத்துத் தப்பினார். பரலோக மந்திரமும் எப்படியோ கரை சேர்ந்தது. பிறகு முதல் மணி.

"அருள் நிறைந்த மரியாயே வாழ்க. கர்த்தர் உம்முடனே."

அங்கே நின்றது. நாக்கு றோசலினைக் கூப்பிடத் தயாராக நின்றது. அருளப்பு அதை விழுங்கினார். விழுங்கியதோடு அதற்குப் பின்னால் வர வேண்டியதும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. அடுத்த சொல் இல்லை. கர்த்தர் உம்முடனே என்று இன்னொரு தரம் சொன்னார். அதற்கு அப்பால் இருட்டு. மூப்பருடைய கையில் மைக் மெல்லத் திரும்பத் தொடங்கியது.

"றோசலின், உலைய இறக்கு" என்றார் அருளப்பு. "பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே, உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே."

வேப்பமரத்து ஸ்பீக்கர் அதைத் தெரு முழுதும் கொண்டுபோனது.

பின்னால் யாரோ மூக்கால் சிரித்து அடக்கினார்கள். றோசலின் எழும்பினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் குசினிக்குப் போனாள். அங்கே அணைந்த அடுப்புத்தான் இருந்தது. ஆனாலும் போனாள். வேலிக்கு அந்தப்பக்கம் நஃபீஸாவின் தேக்சா மூடி சத்தம் கேட்டது. அந்தச் சோறு சரியான பதம் என்று பிறகு சாப்பிட்ட எல்லாரும் சொன்னார்கள்.

"அர்ச்சிஷ்ட மரியாயே" என்று ஒரு பேரப்பிள்ளை பின்பாதியைத் தொடங்கியது. மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் மணியில் ஆட்டைக் கட்டு என்பதை, ஹயாத்து முகம்மது சொன்னபடி, அருளப்பு குரலைக் கீழே விட்டுச் சொன்னார். மைக் கீழேதான் இருந்தது. எல்லாருக்கும் வடிவாகக் கேட்டது. கிளமென்ட் திரும்பிப் பார்த்தான். ஹோட்டல்காரர் கொடுத்தனுப்பிய பெரிய மலர்வளையத்தில் பாதி ஆட்டின் வாய்க்குள் இருந்தது. அவன் எழும்பி அதைக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு அருளப்பு பொறுக்குவதை விட்டுவிட்டார். வருகிறபடி வரட்டும் என்று விட்டார். மோட்டரை நிப்பாட்டு என்றார். மத்தியானம் போட்ட மோட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர்த்தாங்கி வழிந்து கொல்லை முழுதும் குளம். நடு மகன் ஓடினான். பாயைச் சுருட்டு என்றார். கருவாடு காற்றுக்குப் பறந்து வேலியில் தொங்கியது. கோழியை அடை என்றார். சின்னவன்ட மூக்கத் துடை என்றார். எந்தச் சின்னவன் என்று தெரியாததால் தாய்மார் எல்லாரும் கைக்கு எட்டிய பிள்ளையின் மூக்கைத் துடைத்தார்கள். பெடியனுகளுக்குச் சோறு குடு என்றார். கேற்றடியில் நின்ற ஹோட்டல் பெடியன்களை ஹயாத்து முகம்மது கையைப் பிடித்துத் தன் வளவுக்குக் கூட்டிப்போனார். பெண்கள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். அழுகிறவர்கள் யார், சிரிக்கிறவர்கள் யார் என்று பிரிக்க முடியாமல் இருந்தது. ஆனால் பின்பாதி ஒரு தரமும் தவறவில்லை.

மூன்றாம் பத்தில் கதவைச் சாத்து, மண் அடிக்குது என்று வந்தது. கதவுக்குக் கிட்ட இருந்தவர் மூப்பர். அவர் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பார்த்தார். வேறு ஆள் இல்லை. மைக்கை அருளப்புவின் கையில் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து மைக்கைக் கேட்கவில்லை.

நாலாம் பத்தின் கடைசி மணி வந்தபோது அருளப்பு அதைக் கவனிக்கவில்லை. வாய் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

"உம்முடைய திருவயிற்றின் கனியாகிய, இஞ்சாருங்க, எங்க எழும்புறீங்க, இருங்க, இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே."

இந்த வேலைக்கு எழும்பிப் போக ஒருவரும் இருக்கவில்லை. அது யாருக்கு உரியது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு பின்னேரமும் கேட்டதுதான். கேட்டும் அவர் போனதுதான். சனம் பின்பாதியை மெதுவாகச் சொல்லி முடித்தது.

அருளப்பு மணிகளைப் பார்த்தார். இனி ஐந்தாம் பத்து. அதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் அவர் எப்போதும் கடற்கரையில்தான் நின்றிருக்கிறார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குசினி வாசல் பக்கம் திரும்பினார்.

"றோசலின். அஞ்சாம் பத்தில மாமி என்ன சொல்லுவா?"

"ஒண்டும் சொல்ல மாட்டா மாமா" என்றாள் றோசலின். "அதுக்குள்ள வேலையெல்லாம் முடிஞ்சிடும். பிறகு சும்மா செபந்தான்."

அருளப்பு தலையை ஆட்டினார். ஆட்டைக் கட்டிவிட்டுக் கிளமென்ட் உள்ளே வந்து இருந்தான். நடு மகன் முழங்கால் வரை நனைந்து வந்து சுவரோரம் இருந்தான். கோழி அடைக்கப் போன பிள்ளைகள் வந்தன. றோசலின் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெட்டியின் தலைமாட்டில் இடம் தேடி இருந்தாள். எல்லாரும் வந்து இருக்கும் வரைக்கும் அருளப்பு அந்த முதல் மணியைப் பிடித்தபடியே இருந்தார்.